விடிய விடிய ஓர் அடுப்பு



"அமெரிக்காவில் பர்கர், பீட்சா தவிர வேறு சாப்பாடே கிடையாதா? நம் ஊர் மாதிரி உட்கார்ந்து கேட்கிற பாட்டுக் கச்சேரி அங்கே உண்டா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். சென்ற இதழில் பதில் எழுத இடமில்லாமல் போயிற்று. அதுவும் நல்லதற்குத்தான். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரியிலும் மறுநாள் சனிக்கிழமை ராத்திரியிலுமாக, இரண்டு கேள்விக்கும் சேர்த்து எனக்கே பதில் கிடைத்தது. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக் கொள்ளுங்கள்.

நாங்கள் நாலு வருஷமாகக் குடியிருக்கும் மெம்ஃபிஸ், டென்னஸி மாநிலத்தில் மிசிசிபி ஆற்றங்கரையில் இருக்கிற ஊர். இரண்டு விஷயங்களுக்குப் பேர் போனது. ஒன்று 'ப்ளூஸ்' என்கிற பாட்டு. இன்னொன்று 'பார்பெக்யூ'. பார்பெக்யூ என்றதும் மேஜை நடுவில் கரியடுப்பு வைத்துக் கம்பியில் குத்திச் சுட்டுத் தருவார்களே, அதை நினைக்காதீர்கள். அது அரை மணி வேலை. இந்தத் தென் மாநிலங்களில் பார்பெக்யூ என்றால், பெரிய இறைச்சித் துண்டை நெருப்பு தீண்டாமல், விறகுத் தணலின் இளஞ்சூட்டிலும் புகையிலும் பத்து, பன்னிரண்டு மணி நேரம் போட்டு வைப்பது. அடிமைகளாகக் கொண்டு வரப்பட்ட ஆப்பிரிக்க மக்கள்தான் அந்தக் காலத்தில் குழி வெட்டி, ராத்திரி முழுக்கக் கண்விழித்துத் தணல் தள்ளி இதைச் சமைத்தார்கள். ப்ளூஸ் பாட்டும் அவர்கள் பேரன் பேத்திகள் பருத்திக் காட்டிலிருந்து கொண்டு வந்ததுதான்.

இதெல்லாம் புத்தகத்தில் படித்ததில்லை. பக்கத்து வீட்டம்மா சொல்லித் தெரிந்து கொண்டேன். கறுப்பினத்தவர். வயது எழுபத்திரண்டு. பள்ளிக்கூடச் சமையல்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்னைப் 'பேபி' என்றுதான் கூப்பிடுவார். நாற்பத்தாறு வயசுக்காரியைப் பேபி என்று கூப்பிட இந்த ஊரில்தான் ஆள் உண்டு! அவருடைய வீட்டுக்காரர் தபால் இலாகாவில் இருந்தவர். சனிக்கிழமை ராத்திரியானால் கிதாரைத் தூக்கிக்கொண்டு நண்பர்களோடு வாசிக்கப் போய்விடுவாராம். போகும்போது தன் கையால் புகை போட்ட இறைச்சியையும் ஒரு பெரிய தட்டில் எடுத்துப் போவாராம். 2022-ல் காலமானார். அன்றைக்கு அணைந்த அடுப்பு, கொல்லையில் கொடி படர்ந்து கிடந்தது.

போன மாதம் ஒரு புதன்கிழமை அந்த அம்மா வேலியோரம் வந்து நின்றார். முகம் சரியில்லை.

"சனிக்கிழமை அவருக்குப் பிறந்த நாள். கூட வாசிச்சவங்க அவர் பேரில் வாசிக்கறாங்களாம். வழக்கமான தட்டு வருமான்னு கேட்டாங்க. யோசிக்காம சரின்னுட்டேன். எனக்கு மசாலா தெரியும், ஸாஸ் தெரியும். நெருப்பு தெரியாது, பேபி. நாற்பத்தொரு வருஷம் அவர் என்னை அடுப்புகிட்டே விடலை. நீ சின்ன வயசில் விறகடுப்பில் சமைச்சேன்னு சொன்னியே?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, பெருமையும் வந்தது. விறகடுப்பு ஊதி ஊதிக் கண் சிவந்த பெண் நான். கல்யாணமாகி வந்த வீட்டில் காஸ் இருக்கிறது என்று நிம்மதிப் பெருமூச்சு விட்டவள். அந்த வித்தைக்கு இவ்வளவு தூரம் வந்து ஒரு மரியாதை கிடைக்கும் என்று யார் கண்டது!

வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு ஆரம்பித்தோம். அவர்கள் அடுப்பு ஹாலோ பிளாக் கல் அடுக்கிக் கட்டியது. இடுப்பளவு உயரம். மேலே கம்பி வலை, அதன்மேல் தகர மூடி. விறகை அதற்குள் எரிப்பதில்லை. தனியே ஒரு இரும்புப் பீப்பாயில் ஹிக்கரி மரக்கட்டைகளை எரிக்க வேண்டும். கங்கு உதிர்ந்து அடியில் விழும். அதை மட்டும் நீளக் கரண்டி மாதிரி ஒரு மண்வாரியால் அள்ளி அடுப்பின் மூலைகளில் பரப்ப வேண்டும். நடுவில் நிறையப் போட்டால் கொழுப்பு சொட்டி, குப்பென்று பற்றிக்கொள்ளும். அந்த அம்மா பற்றவைக்க மண்ணெண்ணெய் தேடினார். நான் வேண்டாமென்று தடுத்தேன். வாடை ஏறினால் போகவே போகாது.

மண்ணெண்ணெய் என்றதும் அவருக்கு பி.பி.கிங் ஞாபகம் வந்துவிட்டது. மெம்ஃபிஸ் வானொலியில் வேலை பார்த்துப் பெயர் வாங்கி, பிறகு உலகமெல்லாம் போய் ப்ளூஸ் வாசித்தவர். 1949-ல் ஆர்கன்ஸா மாநிலத்தில் ட்விஸ்ட் என்ற சிற்றூரில் வாசித்துக் கொண்டிருந்தாராம். குளிருக்கு நடுக்கூடத்தில் மண்ணெண்ணெய் எரித்து வைத்திருக்கிறார்கள். இரண்டு பேர் சண்டை போட்டு அதை உருட்டிவிட, கூடம் பற்றிக்கொண்டது. வெளியே ஓடி வந்தவர், கிதாரை உள்ளேயே விட்டுவிட்டோமே என்று மறுபடி நெருப்புக்குள் பாய்ந்து எடுத்து வந்தார். சண்டை லூஸில் என்ற பெண்ணுக்காக என்று தெரிந்ததும், இனி இப்படி ஒரு முட்டாள்தனம் செய்யக்கூடாது என்று தன்னை எச்சரித்துக் கொள்ள அந்தக் கிதாருக்கு அவள் பெயரையே வைத்தார். கடைசிவரை அவர் கையிலிருந்த கிதார்களுக்கெல்லாம் அதே பெயர்தான். 2015-ல் அவர் இறந்தபோது இங்கே பீல் தெருவில் ஊர்வலம் வந்ததாம். "வீட்டுக்காரர் போய் நின்னார். நான் போகலை. மறுநாள் சர்ச்சுக்கு கேக் செய்ய வேண்டியிருந்தது" என்றார் அம்மா.

பத்தரை மணிக்கு இறைச்சியைப் போட்டோம். பன்றியின் தோள் பகுதி, ஒவ்வொன்றும் மூன்றரைக் கிலோ, இரண்டு துண்டுகள். உப்பு, மிளகு, பாப்ரிகா என்கிற காரமில்லாத மிளகாய்ப் பொடி, பூண்டுப் பொடி, கொஞ்சம் பழுப்புச் சர்க்கரை தடவியது. எங்கள் வீட்டில் பன்றி வழக்கமில்லை. அதனால் எனக்கும் இவருக்கும் இரண்டு கோழி எடுத்து வைத்திருந்தேன். அதற்கு நாலு மணி நேரம் போதும் என்பதால் காலையில் போட்டுக் கொள்ளலாம். அடுப்புக்குள் 225 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 107 செல்சியஸ் சூடு இருக்க வேண்டும். அம்மாவிடம் சூடு பார்க்கும் முள் இருந்தது. நான் மூடி இடுக்கில் வரும் புகையைப் பார்த்தேன். வெள்ளையாகக் குமுறிக்கொண்டு வந்தால் விறகு ஈரம், கறி கசக்கும். மெல்லியதாக, நீலம் பாய்ந்தாற்போல் வந்தால் சரி. இது நம் அம்மாக்களுக்குத் தெரியாத சங்கதியா?

அப்புறம் என்ன, இரண்டு நாற்காலி, ஒரு ஃபிளாஸ்க் காப்பி, கொசு விரட்டி. முக்கால் மணிக்கொரு தரம் எழுந்து தணல் தள்ளுவது, உட்கார்ந்து பேசுவது.

சாம்பாரில் வெல்லம் போடலாமா கூடாதா என்று நாம் சண்டை போடுவதில்லையா? இவர்கள் பார்பெக்யூவில் அதைவிடச் சண்டை. அம்மாவின் நாத்தனார் கிழக்கு வட கரோலினாக்காரி. அங்கே முழுப் பன்றியையே போட்டு, வினிகரும் மிளகாயும் மட்டும் கலந்த தண்ணீர் மாதிரி ஸாஸ். தக்காளி பட்டால் தீட்டு! அதே மாநிலத்தில் மேற்கே லெக்சிங்டன் பக்கம் வந்தால் தோள் மட்டும், வினிகரோடு கொஞ்சம் கெச்சப். தென் கரோலினாவில் கடுகு ஸாஸ், அங்கே குடியேறிய ஜெர்மானியர் வழி வந்த ருசி. டெக்சாஸ் நடுப்பகுதியில் மாட்டின் நெஞ்சுப் பகுதிதான் ராஜா. உப்பும் மிளகும் போதும், ஸாஸ் ஊற்றினால் முறைப்பார்கள். கென்டக்கியில் ஓவன்ஸ்பரோ என்ற ஊரில் செம்மறியாட்டுக் கறி. அங்கே ஒருநாள் போக வேண்டும் என்று இவர் இப்போதே காரை துடைத்து வைத்திருக்கிறார். மெம்ஃபிஸில் விலா எலும்பு. ஸாஸ் பூசினால் 'ஈரம்', மசாலாப் பொடி மட்டும் தூவினால் 'உலர்'. தோள் கறியைப் பிய்த்து ரொட்டிக்கு நடுவே வைத்து, மேலே கோஸ் பச்சடியையும் வைத்துத் தருவார்கள்.

இவ்வளவிலும் அடுப்பருகே ஆண்கள்தானா என்று கேட்டேன். பழக்கம் அப்படித்தானாம். ஆனால் டெக்சாஸில் லெக்சிங்டன் என்றே இன்னொரு ஊர். அங்கே டூட்ஸி டோமனெட்ஸ் என்ற பாட்டியம்மா, பள்ளிக்கூடத்தில் துப்புரவு, பராமரிப்பு வேலை பார்த்துக்கொண்டே சனிக்கிழமை மட்டும் திறக்கும் ஸ்னோஸ் கடையில் தணல் தள்ளினார். 2008-ல் டெக்சாஸ் மந்த்லி பத்திரிகை அதை மாநிலத்திலேயே முதல் கடை என்று எழுதியது. எங்கள் மெம்ஃபிஸிலேயே கோஸி கார்னர் கடையை, கணவர் மறைந்த பிறகு எடுத்து நடத்திய டெஸிரே ராபின்சன் 2020-ல் பார்பெக்யூ பெரியவர்கள் வரிசையில் கௌரவிக்கப்பட்டார்.

"சமைக்கறது நாங்க. உட்கார்ந்து சாப்பிடறதுக்கு மட்டும் கோர்ட்டுக்குப் போகணும்" என்றார் அம்மா, தணலைக் கிளறியபடி. அலபாமாவில் பர்மிங்ஹாம் நகரத்தில் ஆலீஸ் பார்பெக்யூ என்றொரு கடை. வேலையாட்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் கறுப்பினத்தவர். வாங்க வரும் கறுப்பினத்தவருக்கோ பொட்டலம் மட்டும்தான், உள்ளே உட்கார இடமில்லை. 1964 டிசம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. அப்போது இந்த அம்மாவுக்குப் பத்துப் பன்னிரண்டு வயது. அவர் ஊர்க் கடை ஒன்றில் அப்பா பின்பக்க ஜன்னலில் காசு நீட்டிப் பொட்டலம் வாங்கியது ஞாபகமிருக்கிறது என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. நம் ஊரில் தனிக் குவளை வைத்த டீக்கடை என் ஞாபகத்துக்கு வந்தது. அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

ராத்திரி மூன்று மணிக்கு ஒரு கலவரம். இறைச்சியின் உள்சூடு 160 டிகிரியில் நின்றது. ஒரு மணி நேரமாகியும் முள் நகரவில்லை! "நெருப்பு போதலை, இன்னும் ரெண்டு வாரி போடு" என்று அம்மா பதறினார். எனக்கும் கை பரபரத்தது. ஆனால் புகை சரியாக இருந்தது, அடுப்புச் சூடும் சரியாக இருந்தது. அப்படியே விட்டோம். பிறகு இவர் விளக்கினார்: கறியின் நீர் மேலே வந்து ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொண்டு போகிறது, மண்பானைத் தண்ணீர் குளிர்கிற கதைதான். அந்த நீர் அடங்கினால்தான் முள் மறுபடி ஏறும். அவசரப்பட்டுத் தணலைக் கூட்டினால் மேலே கருகி, உள்ளே ரப்பராகிவிடும். ஐந்தரை மணிக்கு முள் ஒரு கோடு ஏறியதைப் பார்த்து, இரண்டு கிழவிகளும் குழந்தைகள் மாதிரிக் கைதட்டினோம்.

காலை பதினோரு மணிக்கு 200 டிகிரி. எலும்பைப் பிடித்து இழுத்தால் வெண்ணெயிலிருந்து கத்தி வருவது போல வந்துவிட்டது. சும்மா சொல்லக் கூடாது, ஒரு விள்ளல் வாயில் போட்டுப் பார்த்தேன். ஓரத்தில் கறுத்து மொறுமொறுவென்று, உள்ளே பஞ்சாக... என் அம்மா இந்தப் பக்கத்தைப் படிக்காமல் இருக்க வேண்டும்!

இங்கே ஆரோக்கிய விஷயமாக இரண்டு வார்த்தை. வெட்டினால் ஓரத்தில் ரோஜா நிறம் தெரியும். புகையால் வருவது, வேகாததில்லை. ஆனாலும் கண்ணை நம்பாமல் சூட்டைப் பாருங்கள். கோழிக்கு உள்சூடு 165 டிகிரி, அதாவது 74 செல்சியஸ் கட்டாயம் வேண்டும். கரியாகிப்போன பகுதியை நறுக்கிப் போட்டுவிடுங்கள். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள், கடும் வெயிலில் ஒரு மணிதான். மசாலாவில் உப்பு அதிகம், கடை ஸாஸில் சர்க்கரை அதிகம். இவருக்கு ரத்தக் கொதிப்பு, அந்த அம்மாவுக்குச் சர்க்கரை. அதனால் உள்ளங்கையளவு கறி, தட்டு நிறையக் கோஸ் என்று கணக்கு வைத்துக் கொண்டோம்.

எங்கள் கோழிக்கு அலபாமா வெள்ளை ஸாஸ் செய்தேன். டெக்கேட்டர் ஊரில் பிக் பாப் கிப்சன் கடையில் பிறந்தது என்பார்கள். ஒரு கப் மயோனைஸ், கால் கப் வினிகர், ஒரு மேஜைக் கரண்டி எலுமிச்சைச் சாறு, இரண்டு டீஸ்பூன் கரகரப்பாகப் பொடித்த மிளகு, அரை டீஸ்பூன் உப்பு. அடித்துக் கலக்கினால் முடிந்தது. நான் பாதி மயோனைஸுக்குப் பதில் கெட்டித் தயிர் போட்டேன், ஒரு சிட்டிகை வறுத்த சீரகமும் சேர்த்தேன். சுட்ட உருளைக்கிழங்குக்கும் சோளத்துக்கும்கூட நன்றாக இருக்கும், சைவக்காரர்கள் செய்து பாருங்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் தட்டுகளைக் காரில் ஏற்றியபோதுதான் அம்மா மெல்லச் சொன்னார்: "வாசலில் குடுத்துட்டு வந்துடலாம்." அப்போதுதான் எனக்கு விளங்கியது. நாற்பத்தொரு வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் கணவர் வாசித்துக் கேட்டதே இல்லை! அவர் அம்மா ப்ளூஸைப் 'பிசாசுப் பாட்டு' என்று வீட்டுக்குள் விட்டதில்லை. இவரோ சர்ச் பாடகர் குழுவில் பாடுபவர். அப்புறம் குழந்தைகள், அப்புறம் ஞாயிற்றுக்கிழமைச் சமையல். "அவர் கூப்பிட்டார். முதல் பத்து வருஷம் கூப்பிட்டார்" என்றார்.

எனக்கு என்ன தைரியமோ, "நாங்க வர்றோம் உங்களோட. பிடிக்கலைன்னா பாதியில் எழுந்து வந்துடலாம்" என்று சொல்லிவிட்டேன். கோயில் கச்சேரியைத் தவிர ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் பாட்டுக் கேட்க வெளியே போனவளா நான்?

டூரிஸ்டுகள் போகும் பீல் தெருவில் இல்லை அந்த இடம். ஊருக்குத் தெற்கே, மிசிசிபி மாநில எல்லைக்குக் கிட்டே, தகரக் கூரை போட்ட ஒரு கூடம். டிசம்பரில் மாட்டிய வண்ண விளக்குகள் எடுக்கப்படாமல் எரிந்து கொண்டிருந்தன. கதவருகில் தலைக்குப் பத்து டாலர். மேடை கிடையாது, ஓரமாக ஒரு பழைய ஜமுக்காளம். அதன்மேல் கிதார் ஒருவர், பேஸ் கிதார் ஒருவர், டிரம்ஸ் ஒருவர். மூவருக்கும் அறுபதுக்கு மேல். முன்னால் ஒரு பக்கெட், பிடித்தவர்கள் காசு போட. அதுதான் அவர்களுக்குப் பாதி வருமானம், போடாமல் வரக்கூடாது என்று இவரிடம் சொல்லி வைத்தேன்.

பாட்டு ஒன்றும் கஷ்டமில்லை. முதல் அடியைச் சொல்வார்கள், அதையே இன்னொரு தரம் சொல்வார்கள், மூன்றாவது அடியில் பதில். அதற்குள் பன்னிரண்டு தாள வட்டம் முடிந்துவிடும். ஒவ்வொரு அடிக்கும் பிறகு கிதார் மறுமொழி சொல்லும். பாடுகிறவர் இழுக்க இழுக்கக் கேட்கிறவர்கள் 'சபாஷ்' மாதிரி ஏதோ சத்தம் கொடுக்கிறார்கள். நானும் தாளம் போட்டேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "ஒண்ணு, மூணில் தட்டாதே. ரெண்டு, நாலு." ஆதி தாளம் போட்டுப் பழகிய கைக்கு அது லேசில் வரவில்லை!

இந்தப் பாட்டை இசைத்தட்டில் முதலில் பதிந்த கறுப்பினக் குரலே ஒரு பெண் குரல்தான். 1920-ல் மேமி ஸ்மித். மெம்ஃபிஸ் மின்னி என்ற பெண் ஆண்களுக்குச் சமமாகக் கிதார் வாசித்தார். 1953-ல் வெளிவந்த 'ஹவுண்ட் டாக்' பாட்டு பிக் மாமா தார்ன்டன் பாடியது. தனக்குக் கிடைத்தது ஐந்நூறு டாலர்தான் என்று பின்னாளில் சொன்னார். 1956-ல் எல்விஸ் பிரெஸ்லி பாடியதும் உலகம் முழுக்க விற்றது. நம்மில் எத்தனை பேருக்கு எல்விஸைத் தெரியும், அந்த அம்மாளைத் தெரியும்?

இடைவேளைக்குப் பிறகு கிதார்க்காரர் நம் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "இது அவன் கட்டின பாட்டு. வீட்டில் சொல்லியிருக்க மாட்டான்" என்று ஆரம்பித்தார். வீட்டுக்காரிக்கு என் நெருப்பு வேணும், என் பாட்டு வேண்டாம் என்று முதலடி. அதையே மறுபடியும். சனிக்கிழமை நான் அழுதாலும் ஞாயிறு காலையில் அவள் அல்லேலூயா பாடப் போய்விடுவாள் என்று மூன்றாவது. கூடமே சிரித்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது, அம்மா கோபித்துக் கொள்வாரோ என்று.

அம்மா எழுந்து நின்றார். அடுத்த சுற்று வரும்வரை காத்திருந்து, உட்காராமல், மைக் இல்லாமல், அந்த சர்ச் குரலில் பதில் பாடினார். நீ பாடின ராத்திரி எல்லாம் நான் பாத்திரம் கழுவினேன் என்று ஒரு தரம். கழுவினேன் என்று இழுத்து இன்னொரு தரம். மூன்றாவது அடி சொல்ல வரவில்லை. கிதார் அந்த இடத்தை வாசித்து நிரப்பியது. டிரம்ஸ்காரர் தலையைக் குனிந்து கொண்டார். இவர் பக்கெட்டில் எவ்வளவு போட்டார் என்று நான் கேட்கவில்லை.

தட்டுகள் பதினைந்து நிமிஷத்தில் காலி. கறி அவர் செய்ததுபோல் இல்லை, கொஞ்சம் உப்பு கம்மி என்று ஒருவர் சொன்னார். "நான் செய்தது அப்படித்தான்" என்றார் அம்மா.

ஞாயிறு காலை சர்ச்சுக்குப் போகும் வெள்ளை உடையில், தொப்பியோடு வேலியருகே வந்து நின்றார். தலைமுடியில் இன்னும் புகை வாசம் போகவில்லையாம், பாதிரியார் கேட்டால் என்ன சொல்வது என்று சிரித்தார். பிறகு கொல்லைப் பக்கம் கையைக் காட்டினார்.

"அந்தக் கொடியை இனிமே படர விடலை. விறகு இன்னொரு வண்டி சொல்லியிருக்கேன்."

பீப்பாயின் அடியில் ஆறிக்கிடந்த சாம்பலை ஒரு டப்பாவில் சலித்து எடுத்து வந்திருக்கிறேன். நம் பித்தளை விளக்கு இரண்டு மாதமாகக் கறுத்துக் கிடக்கிறது.